பாதாம்பால் நிறத்தில் என்ஜின் ஆயில்

1 அக்டோபர் 2025, புதன். ஆயுத பூசை.

இன்று எனக்கு வயது எழுபத்தெட்டு ஆண்டு, ஏழு மாதம், ஒன்பது நாள். இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம், காலையில் சென்னையிலிருந்து அழைத்த மதிவாணன், "எண்பது வயசுல உங்களுக்கு எதுக்கு அத்தை கார்?" என்று கேட்டதுதான். மதிவாணன் என் அண்ணன் மகன். கணினி நிறுவனமொன்றில் பெரிய பதவியில் இருக்கிறான். கழித்தல் மட்டும் வராது.

சென்ற மாதம் கார் வாசல் தூணில் உரசி, இடப்பக்கக் கதவில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. காணொளி அழைப்பில் முருங்கைமரத்தைக் காட்டப் போய் அந்தக் கோட்டையும் காட்டிவிட்டேன். அன்று முதல் தினமும் பஞ்சாயத்து. நான் கார் ஓட்டக் கூடாதாம். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கவும் கூடாதாம். கோயம்புத்தூரில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் எனக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறான். வாரம் இருமுறை சிற்றுந்தில் ஏற்றிக் கோயிலுக்கு அழைத்துப் போவார்களாம். மாலையில் வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டிப் பாடச் சொல்வார்களாம். வாழ்நாளெல்லாம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவளைக் கைதட்டச் சொல்கிறார்கள்.

தொல்லை பொறுக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்: "முதலில் கார் விற்றுப் போகட்டும். கார் விற்ற மறுமாதம் வருகிறேன்." பதினான்கு வயதுக் காரை யார் சீந்துவார் என்ற துணிவில் சொன்னது. அவன் அன்றே இணையத்தில் விளம்பரம் கொடுத்துவிட்டான். நாளை மறுநாள் ஒருவர் பார்க்க வருகிறார்.

இசக்கியம்மாள் இன்று காலை முழுவதும் காருடனேயே இருந்தாள். இவள் என் வீட்டில் சமையலும், மற்ற எல்லாமும். வயது நாற்பத்திரண்டு. நான் பேராசிரியராக ஓய்வு பெற்றவள் என்று நூறு முறை சொல்லியும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். காரைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடிக்கு மாலை போட்டு, பானெட்டைத் திறந்து உள்ளேயும் சந்தனப் பொட்டு வைத்தாள். எனக்கு இந்தப் பூசையில் நம்பிக்கை கிடையாது. சுண்டலில் உண்டு.


3 அக்டோபர், வெள்ளி

வந்தவர் பெயர் பால்துரை. நாங்குநேரியில் கோழித்தீவன வியாபாரம். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு கைபேசி. ஒன்றில் மதிவாணனைக் காணொளியில் வைத்து, அதைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். அதனால் மதி என் கார் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

பால்துரை காரைச் சுற்றி வந்தார். டயரை மிதித்தார். கதவை மூடி அதன் ஓசையைக் கேட்டார். கோட்டைப் பார்த்து, "பெரியம்மா கைவண்ணமா?" என்று சிரித்தார். இசக்கி கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டாரைப் பார்ப்பதுபோல் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டி நல்லாத்தான் வச்சிருக்காங்க சார்," என்றார் பால்துரை, தலைகீழ் மதியிடம். "ஆயில மட்டும் பாத்துட்டா இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துருதேன்."

எனக்கு நெஞ்சு ஒருமுறை இடறியது. அதை இங்கே பதிகிறேன், வேறெங்கும் சொல்ல மாட்டேன்.

பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏ யம்மா! இது என்ன, ஆயிலா பாதாம்பாலா?"

எட்டிப் பார்த்தேன். பழுப்பும் மஞ்சளும் வெளுப்புமாக, கம்பி நெடுகக் குழைந்து கிடந்தது.

"என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றான் மதி.

"தண்ணி ஏறியிருக்கு சார். தண்ணியையும் ஆயிலையும் பிரிச்சி வைக்குற ஹெட் கேஸ்கட் போச்சு. கூலன்ட்டு ஆயிலோட கலந்து மோர்க்கொழம்பாக் கெடக்கு. இத வாங்கிட்டுப் போனா எங்க அய்யா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டாரு." கம்பியைத் துடைக்காமலேயே செருகினார். "வாரேன் பெரியம்மா. ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

என்ஜினைப் பார்த்துவிட்டு என் உடம்பைப் பற்றி ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.


4 அக்டோபர், சனி

தூக்கம் சரியில்லை. என் என்ஜினில் தண்ணீரா?


5 அக்டோபர், ஞாயிறு

ஞாயிறுதோறும் எண்ணெய் பார்ப்பது நான் கார் வாங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின் கம்பியை உருவித் துடைக்க வேண்டும். மறுபடி முழுக்கச் செருகி உருவினால் அப்போது தெரிவதுதான் உண்மை. முதல் தடவை தெரிவது முகத்துக்கு நேரே உறவினர் சொல்லும் நலவிசாரிப்பைப் போன்றது, அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

எண்ணெய் கறுத்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது உழைத்திருக்கிறது, அவ்வளவே. பெட்ரோல் வாடையடித்து நீர்த்திருந்தால் கவலைப்படலாம். விரலில் மினுமினுவென்று துகள் ஒட்டினால் உள்ளே ஏதோ தேய்கிறது. அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றாமலே அளவு கூடினால்தான் ஆபத்து, அழையாத எதுவோ உள்ளே வந்து குடியிருக்கிறது என்று பொருள். பால் கலந்த நிறம் என்றால் வந்தது தண்ணீர்.

ஆனால் இன்று பார்த்தபோது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் தொட்டி நிரம்பியிருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தால் அங்கே குறைந்திருக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தேன், அடியில் வெண்ணெய்போல் ஒன்றும் படியவில்லை. இசக்கியை முடுக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன், வெண்புகை இல்லை. அணைத்துச் சிறிது ஆறவிட்டு, கம்பியைத் துடைத்துச் செருகி உருவினேன். கறுத்த, யோக்கியமான எண்ணெய். நடுவில் மட்டும் ஏதோ ஓரிரு மஞ்சள் துணுக்கு.

துடைத்த துணியை முகர்ந்தேன். சந்தனம்.

"இசக்கி, இங்க வா. ஆயுத பூசை அன்னிக்கு இந்தக் கம்பிய என்ன செய்தே?"

"என்ன செய்தேன்? கழுவினேன்."

"கழுவி?"

"பொட்டு வச்சேன். ஸ்பேனருக்கு வச்சேன், ஜாக்கிக்கு வச்சேன். இது ஒண்ண விட்டா அது கோவிச்சிக்கிடாதா? இதுவும் ஆயுதம்தான டீச்சர்?"

"ஒரு பொட்டா?"

"பட்டை. மூணு வெரலால இழுத்தேன்."

"நுனி வரைக்குமா?"

"சாமி காரியத்த அரகொறையாச் செய்யலாமா?"

என்ஜினுக்குள் சந்தனக்காப்பு. கற்பூரம் ஏற்றாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். நான் திட்டத் தொடங்கினேன். அவள், "அந்த வேட்டிக்காரன் ஓடுனான்லா, அதுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க மொதல்ல," என்றாள். யோசித்துப் பார்த்தேன். திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மதிவாணனை அழைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுத்தேன். மின்னூட்டம் எண்பது விழுக்காடுதான் இருந்தது. வைத்துவிட்டேன்.


8 அக்டோபர், புதன்

பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றியாயிற்று. தேன்போல் இருக்கிறது. இனி அதில் சந்தனம் விழுந்தால் போட்டவளை வடித்துவிடுவேன் என்று இசக்கியிடம் சொல்லியிருக்கிறேன். வடித்த பழைய எண்ணெயில் ஒரு குவளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். காரணம் இல்லை.

சனிக்கிழமை இன்னொருவர் வருகிறார் என்று மதி சொன்னான். "கேஸ்கட் ரிப்பேர்னு சொல்லித்தான் அத்தை வரச் சொல்லியிருக்கேன். இருந்தாலும் ஒருக்கா நேர்ல பாக்கேன்னாங்க." நல்ல மனிதர்கள் இப்படித்தான் எதையும் நேரில் பார்த்துத் தொலைப்பார்கள்.


9 அக்டோபர், வியாழன்

இன்று மிக்ஸியில் சிறிதளவு ஒன்று அரைத்தேன். சட்னி அன்று. இசக்கி மிக்ஸியை மூன்று முறை கழுவினாள். நான்காம் முறை என்னைக் கழுவினாள்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று பழமொழி சொல்கிறார்கள். சொன்னவர்கள் காலத்தில் பாத்திரம் கழுவும் திரவம் இல்லை. அதில் இரண்டு சொட்டுப் போதும், எந்த இரண்டும் ஒட்டும். இதை இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவியருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! செய்து காட்டியதில்லை என்பது இன்றுதான் நினைவுக்கு வந்தது.


10 அக்டோபர், வெள்ளி

நிறம் வெளுத்துவிட்டது, உறைந்த நெய்போல் இருக்கிறது. பழைய எண்ணெய் இன்னும் ஒரு கரண்டி.

எதற்கு என்று எழுதப் போவதில்லை. இது என் நாட்குறிப்பு, வாக்குமூலம் அன்று.


11 அக்டோபர், சனி

வந்தவள் பெயர் புளோரா. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கியது, விடுமுறை நாளிலும். எனக்குப் பிடித்துப் போயிற்று, அதுதான் சங்கடம். காரின் முன் குந்தி உட்கார்ந்து அடிப்பாகம் வரை பார்த்தாள். துருவைத் தட்டினாள். "பரவால்ல, எலும்பு நல்லா இருக்கு," என்றாள். "கேஸ்கட் மட்டும்னா எங்க கொழுந்தன் மாத்திருவான்மா."

இசக்கி என் முழங்கையைக் கிள்ளினாள்.

புளோரா கம்பியை உருவினாள். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். கழுத்து விசிலை எடுத்து மெல்ல ஒருமுறை ஊதினாள். ஆட்டம் நின்றது.

"யம்மா, இது கேஸ்கட்டோட போற விஷயமில்ல. பூரா தண்ணி. பேரிங் எல்லாம் தின்னுருக்கும்."

"அப்படியா?" என்றேன். வேறென்ன சொல்வது?

"இத ஓட்டிராதீங்க, என்ன? நடுரோட்டுல நின்னுரும்." பிறகு என் தோளைத் தொட்டு, "பாவம், வித்துரணும்னு ஆசையா இருந்திருப்பீங்க," என்றாள்.

இதுவரை என் வாழ்க்கையில் என்னைப் பாவம் என்றவர்கள் குறைவு. அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டியதாயிற்று. உறுத்தலுக்கு மருந்தாக ஒரு சீப்பு ஏலக்கிப் பழம் கொடுத்தனுப்பினேன்.

அவள் போனபின் கம்பியையும் அது நுழையும் குழாயின் வாயையும் மூன்று முறை துடைத்தேன். என்ஜினுக்குள் ஒரு துளியும் இறங்கவில்லை. எனக்கும் அறம் உண்டு.


12 அக்டோபர், ஞாயிறு

கார் கிருஷ்ணாபுரம் வரை போய் வந்தது. இசக்கியும் நானும். வெண்டைக்காய் மலிவு. எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவே, தேன்நிறம்.


15 அக்டோபர், புதன்

எதிர்பாராத அடி.

மதிவாணன் அழைத்தான். குரலில் கல்யாணக் களை. "அத்தை, பிரச்சினை தீந்துது. யாரும் வாங்கலன்னா என்ன? பழைய இரும்புக்குப் போட்டுருவோம். தீவாளி கழிஞ்சி செவ்வாக்கெழம லாரியோட வாரேன்னு சொல்லிட்டாங்க."

"என்ன இரும்பு?"

"கார்தான். ஒடைக்கிறவங்கள்ட்ட பேசிட்டேன். கணக்குப்படி அதுவும் வித்த மாதிரிதான. அடுத்த மாசம் நீங்க கோயம்புத்தூர் வந்துரலாம். ரூமுல ஜன்னல் பக்கம் கேட்டு வச்சிருக்கேன்."

பேசி முடித்துத் திரும்பினால் இசக்கி சமையலறை வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "லாரியா வருது?" என்றாள். அவ்வளவுதான். மதியச் சாம்பாரில் உப்பு இல்லை, மாலைக் காப்பியில் சர்க்கரை இல்லை. கேட்டதற்கு, "எல்லாத்தையும் மிக்ஸில போட்டு அரச்சிக் குடிங்க," என்றாள்.

மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்கள். கம்பி அழுக்காக இருந்தால் லாரி வரும். சுத்தமாக இருந்தால் புளோரா வருவாள். இரண்டின் முடிவிலும் கைதட்டிப் பாட்டு.


16 அக்டோபர், வியாழன்

யோசித்தேன்.


17 அக்டோபர், வெள்ளி

இன்னும் யோசிக்கிறேன். இடையில் அதிரசம் இரண்டு. மருத்துவர் ஒன்றுகூடக் கூடாது என்றார், ஆகவே இரண்டையும் நின்றுகொண்டே தின்றேன்.


18 அக்டோபர், சனி

மதி வந்துவிட்டான். மனைவியும் மகளும் அவள் தாய்வீட்டுக்குத் தூத்துக்குடி போயிருக்கிறார்கள், தீபாவளியன்று பிற்பகல் இங்கே வருவார்கள். ஆள் இளைத்திருக்கிறான். முன்தலை என் அண்ணனுடையதேபோல் ஏறிக்கொண்டிருக்கிறது. வந்ததும் என் காலில் விழுந்தான், எழுந்ததும் என்னை அதட்டினான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய நம் குடும்பத்தில்தான் முடியும்.

"ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் சென்னைலேர்ந்து வந்து சேர எவ்வளவு நேரமாகும், தெரியுமா? போன் அடிச்சா நடுங்குதேன் அத்தை. அன்னைக்கு அந்தத் தூணு, இன்னொரு நாளு யாராவது பிள்ள குறுக்க ஓடியாந்தா?"

அவன் சொல்வதில் தவறேதும் இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

கார்ச் சாவியை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டான். இருக்கிற இடத்தில் இருக்கிறது என்றேன். அவன் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மாடிப்படி இறங்கினேன். இப்போதெல்லாம் யாரும் பாராத வேளையில் படி இறங்குவதே எனக்கு வசதி. கம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். லாரி வர இன்னும் நாள் இருக்கிறது, கம்பி சுத்தமென்று கண்டாலோ உடனே விற்றுவிடுவான். தள்ளிப்போட முடிந்ததைத் தள்ளிப்போடுவதே என் முடிவு. அவசரத்தில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கூடிவிட்டது.


19 அக்டோபர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மதி ஒரு கையில் காப்பியும் மறு கையில் கைபேசியுமாகக் கொட்டகைக்குப் போனான். யூடியூபில் எவனோ பஞ்சாபிக்காரன் ஹெட் கேஸ்கட் பற்றி ஒரு வாரமாக இவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். நானும் பின்னால் போனேன். இசக்கி தேங்காய்த் துருவியோடு வந்து நின்றாள்.

கம்பியை உருவினான். பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"அத்தை."

"என்ன?"

"ஆயில்ல எலுமிச்ச வாசம் அடிக்கு."

"முன்னால மரம் இருக்கே."

"அது முருங்கை."

இசக்கி துருவியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

மதி காப்பியைக் கீழே வைத்தான். கம்பியை வழித்து விரலில் தேய்த்தான். நுரைத்தது. நான் வானத்தைப் பார்த்தேன். அவன் கூலன்ட் தொட்டியைப் பார்த்தான், நிறைந்திருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தான், சுத்தம். கம்பியைத் தன் கைக்குட்டையில் துடைத்து, முழுக்கச் செருகி, உருவினான். தேன்நிறத்தில், இரண்டு குறிகளுக்கும் சரிநடுவே. பஞ்சாபிக்காரன் நன்றாகவே கற்பித்திருக்கிறான்.

"இது என்ன பலகாரம் அத்தை?"

"பால்மம்," என்றேன். "எண்ணெயும் நீரும், நிலைநிறுத்த ஒரு சோப்பு. நிறத்துக்குப் பழைய எண்ணெய். நீ பத்தாம் வகுப்பில் இதை விட்டுவிட்டுப் போனாய்."

அவன் பானெட் விளிம்பில் கைவைத்துக் குனிந்தான். அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இசக்கி தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு முகம் மாறியது.

"இவ்வளவு செய்வீங்களா? இவ்வளவு பிடிக்கலையா அங்க வாரதுக்கு?"

"பிடிக்கலைன்னு எத்தனை தடவை சொன்னேன். நீ எண்ணெயை நம்பினாய், என்னை நம்பவில்லை."

கம்பியைத் துடைத்து அதன் இடத்தில் செருகினான். பிறகு நேராக நின்று சொன்னான்: "சரி. லாரிய வேண்டாம்னுட்டேன். புளோராவையும் கூப்பிடல. கோயம்புத்தூரையும் விட்டாச்சு. ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலைல என்ன வச்சி நீங்க வண்டி ஓட்டிக் காட்டணும். வண்ணார்பேட்ட வர போய்த் திரும்பணும். நீங்க நல்லா ஓட்டுனா நான் செத்தாலும் இதப் பத்திப் பேசமாட்டேன். சரியா ஓட்டலன்னா, அத்தை, நீங்களே மரியாதயா வந்துரணும்."

நியாயமான தேர்வு. நானே வினாத்தாள் அமைத்திருந்தாலும் இதைவிட நேர்மையாக அமைத்திருக்க மாட்டேன்.

"சரி," என்றேன்.

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் தேங்காயைப் பார்த்தேன்.


20 அக்டோபர், திங்கள். தீபாவளி.

விடியலில் எண்ணெய்க் குளியல், லேகியம், புதுப்புடவை. தெருப் பிள்ளைகள் வெடித்துத் தள்ளிய தாளெல்லாம் வாசலில். மதி புதுச்சட்டையில் மஞ்சள் வைத்துக்கொண்டு, தேர்வு மேற்பார்வையாளன் முகத்தோடு காரருகே நின்றான்.

நான் கொட்டகைக்கு நடந்தேன். காரின் முன்புறமாகச் சுற்றிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

"டிரைவர் சீட்டு அந்தப் பக்கம் அத்தை."

"தெரியும்."

உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தேன். முதல்முறையாக அவன் பார்க்க வைத்தேன். பார்த்தான்.

வலப்பக்கக் கதவைத் திறந்து இசக்கி ஏறினாள். இருக்கையைச் சரிசெய்யவில்லை. செய்யத் தேவையில்லை, அது அவள் அளவில்தான் இருந்தது. கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்து, "ஏறுங்க சார், நல்ல நேரம் போயிரும்," என்றாள்.

காரைப் பின்னால் எடுத்தாள், தூணுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டு. தெருமுனைச் செக்கடியில் ஒரு சரவெடி முடியும்வரை பொறுத்து நின்று போனாள். மாட்டுக்கு வழிவிட்டாள். எதிரே வந்த ஆட்டோக்காரன் கையசைத்து, "அக்கா, தீவாளி வாழ்த்து!" என்றான். அவளும் ஒலிப்பானை ஒருமுறை அழுத்தி வாழ்த்தினாள். தெருவுக்கே தெரியும். குடும்பத்தில் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. குடும்பங்கள் பொதுவாக அப்படித்தான்.

பின்னாலிருந்து மதி மெல்லக் கேட்டான்: "எவ்வளவு நாளா?"

"சென்ற ஆண்டு சனவரியிலிருந்து. முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. நான் பணிந்து போகவில்லை. கால்தான் போயிற்று."

"அப்ப அந்தத் தூணு?"

"அது நான்தான் சார்," என்றாள் இசக்கி. "திரும்பையில ஒரு பூனை குறுக்க வந்துட்டு."

"அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா? நீங்க ஓட்டுதீங்கன்னுதான நான் இவ்வளவு பாடும் படுத்துனேன்! ஓட்டலன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

முடிந்திருக்கும். எனக்குத் தெரியாதா? சந்தனம் வேண்டாம், மிக்ஸி வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். ஆனால் கார் ஓட்டும் கிழவியைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். ஓட்டாத கிழவிக்கு எல்லாரும் போர்வை கொண்டுவருகிறார்கள். எனக்குப் பயமே வசதியாக இருந்தது. அவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நீ கேட்கவில்லை. ஓட்டாதே என்றுதான் சொன்னாய். ஓட்டவில்லை, கீழ்ப்படிந்தேன்," என்றேன்.

இந்த நாட்குறிப்பிலும் நான் ஓட்டினேன் என்று எங்கும் எழுதியதில்லை. புரட்டிப் பார்த்துவிட்டேன்.

வண்ணார்பேட்டையில் திரும்பினோம். மதிக்கு மனம் இளகிவிட்டது. இளகினால் அவன் உடனே எதையாவது ஏற்பாடு செய்யத் தொடங்குவான். "சரி, இவங்க நல்லாவே ஓட்டுதாங்க. நீங்க இங்கயே இருங்க. ஆனா வண்டி பழசு அத்தை. இத அந்த புளோராவுக்கே குடுத்துட்டு, கிளட்ச் இல்லாத புது வண்டி ஒண்ணு நானே எடுத்துத் தாரேன்."

இசக்கி விளக்கைப் போட்டு, ஓரங்கட்டி, ஒழுங்காக நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். பின்னால் திரும்பினாள்.

"எந்த வண்டியக் குடுக்கப் போறீங்க?"

"இத... இந்த வண்டியத்தான்."

"யாரக் கேட்டு?"

மதி என்னைப் பார்த்தான். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒருவன் பட்டாசுக் கடை முன் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"அத்தை, கார் வித்த மறுமாசம் வாரேன்னு எனக்கு வாக்குக் குடுத்தீங்களே," என்றான், ஏதோ மெல்லப் புரியத் தொடங்கிய குரலில்.

கொடுத்தேன். மிகக் கவனமாகச் சொல் பொறுக்கிக் கொடுத்த வாக்கு அது, அதை நான் மீறவே முடியாது. என் கால் ஓய்ந்த மாதத்திலேயே இசக்கியை ஓட்டுநர் பள்ளிக்கு அனுப்பினேன். அவள் உரிமம் வாங்கிய அன்றே வண்டியை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அன்பினால் என்று யாரும் எழுத வேண்டாம். உயிலில் எழுதிவைத்தால் நான் எப்போது போவேன் என்று ஒருத்தி காத்திருப்பாள். கொடுத்துவிட்டால், நான் இருக்கும்வரை எங்கே போகச் சொன்னாலும் வண்டியை எடுப்பாள். எடுக்கிறாள். எப்போதாவது முணுமுணுப்பாள், அதுவும் அவள் வண்டிக்குள் உட்கார்ந்துதான். யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் வண்டிப் பதிவில் அவள் பெயரும் என் காலின் கதையும் சேர்ந்தே வெளிவந்திருக்கும், மிக்ஸி அதற்காகத்தான்.

விற்பதற்கு என்னிடம் கார் இல்லை, மதிவாணா. ஒன்றரை வருடமாக இல்லை.